கேட்டடியில் நிற்கும் தகுதி

எனக்குக் கோபம் வந்தால் முதலில் செருப்பைத் தேடுவேன். யாரையும் அடிப்பதற்காக அல்ல, வெளியே கிளம்புவதற்காக. வீட்டுக்குள் இருந்து கோபப்படுவது எனக்கு ஒத்துவராது. சம்பந்தப்பட்ட ஆளின் முகத்தைப் பார்த்துக் கதைத்தால்தான் என் நெஞ்சு ஆறும். என் கணவருக்கு இது நன்றாகத் தெரியும். நான் வாசலில் குனிந்து செருப்பைத் தேடும்போதெல்லாம் "இண்டைக்கு யார் பாவம்?" என்று கேட்பார். அவர் உப்பளத்திலிருந்து உப்பு மூட்டை ஏற்றிப்போகும் லொறி ஓட்டுகிறவர். கோபம் என்ற சாமானை அல்லாஹ் அவருக்கு வைக்கவே இல்லை.

அந்த வருடம் ஜூலை மாதத்தில், ஒரு வியாழக்கிழமை காலை நான் செருப்பைத் தேடியது என் மூத்த மகளுக்காக. அவள் அப்போது பத்தாம் வகுப்பு. மழைக்காலத்தில் எங்கள் ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போதும் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள். அப்படிப்பட்டவள் முந்திய மாதம் ஐந்து நாட்கள் வயிற்று வலி என்று படுத்துக்கொண்டாள். இந்த மாதமும் அதே கதை. மாதத்தில் அவளுக்குத் தொழுகையில்லாத நாட்கள் அவை, எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அதற்காக அவள் முன்பு ஒரு நாளும் பாடசாலையை விட்டதில்லை. இஞ்சி தட்டிப்போட்ட தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வலி கூடவா?"

"இல்ல."

"அப்ப எழும்பு. மணி ஆறரை."

"நான் போகல்ல உம்மா. இந்த நாள்கள்ல நான் இனிப் போகவே மாட்டன். கேட்டில பை பார்க்கிறாங்க."

பை பார்ப்பது எனக்கும் தெரியும். நாட்டில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்த வருடம் அது. பாடசாலைகள் பிந்தித்தான் திறந்தன. திறந்தபோது, ஒவ்வொரு கேட்டிலும் பிள்ளைகளின் பைகளைச் சோதிக்க வேண்டும், அதற்குப் பெற்றோர் முறை வைத்து நிற்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். நாட்டுக்கு முஸ்லிம்களான எங்களைப் பார்த்துப் பயம். எங்களுக்கு எங்கள் பிள்ளைகளை நினைத்துப் பயம். எங்கள் மாவட்டத்தின் தெற்குப் பக்கத்தில் எங்கள் ஆட்களின் கடைகள் எரிந்த செய்தி வந்த வாரம், நாங்கள் இருக்கும் தில்லையடியில் பல வீடுகளில் பிள்ளைகளைப் பக்கத்துக் கடைக்குக்கூட அனுப்பவில்லை.

கேட்டில் நிற்க யாருக்குத் தகுதி உண்டு என்று முடிவெடுக்கப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் மே மாதத்தில் கூட்டம் போட்டது. சங்கத்தின் செயலாளர் புத்தளம் நகரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஒரு ஹாஜியார். பரம்பரை பரம்பரையாக இந்த ஊர்க்காரர், கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். அவர்தான் தகுதிகளை எழுதிக்கொண்டு வந்து வாசித்தார். ஆண்களாக இருக்க வேண்டும், ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியிருக்கக் கூடாது, பொலிஸில் முறைப்பாடு எதுவும் இருக்கக் கூடாது, இந்தப் பிரிவில் நிரந்தரமாகப் பதிந்தவர் என்று கிராம சேவகரின் கடிதம் வேண்டும். பாதுகாப்புப் பயிற்சி பெற்றவருக்கு முதலிடம். சம்மதமானவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார். பின்வரிசை வாங்கில் பெண்களோடு இருந்த நான்தான் முதலில் கையை உயர்த்தினேன். இதை மறைத்து எழுதினால் மிச்சம் எதை எழுதியும் பிரயோசனமில்லை. என் பிள்ளைகள் போகும் கேட்டில் பயிற்சி பெற்ற, ஆறடி உயரமான ஓர் ஆள் நிற்க வேண்டும் என்பதுதான் அன்றைக்கு என் ஆசையாக இருந்தது.

அப்படியே ஓர் ஆள் கிடைத்தார். யுத்த காலத்தில் ஊர்காவல் படையில் இருந்து, எல்லைக் கிராமத்துச் சோதனைச் சாவடியில் வருடக்கணக்காக நின்றவர். ஹாஜியார் எழுதிய தகுதி ஒவ்வொன்றும் அவரை அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. பிள்ளைகள் அவருக்குக் காவல் நானா, அதாவது காவல் அண்ணன், என்று பேர் வைத்தார்கள். அவரும் இன்னும் நான்கு தகப்பன்மாரும் மேசை போட்டு நின்றார்கள். முதல் வாரம் அந்தப் பக்கமாகப் போனபோது பார்த்து, நிம்மதியாக வீட்டுக்கு வந்து தையல் மெசினில் உட்கார்ந்தேன்.

இப்போது என் மகள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, மே மாதக் கடைசியில் நடந்ததைச் சொன்னாள். காவல் நானா அவளுடைய பையை மேசையில் கவிழ்த்திருக்கிறார். கொப்பிகள், சாப்பாட்டுப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல், அதற்கிடையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு சிறிய பொதி. அவர் அந்தத் தாளைப் பிரித்துவிட்டார்.

எங்கள் பக்கத்துப் பாமசிகளில் பேட் கேட்டால், கடைக்காரர் நம்முடைய முகத்தைப் பார்க்காமல் பழைய பத்திரிகைத் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றித்தான் தருவார். அதைச் சுற்றாமல் பையில் வைக்க எங்கள் பெண்பிள்ளைகளுக்குக் கை கூசும். நானே என் மகளுக்கு அப்படிச் சுற்றப் பழக்கியவள். காவல் நானாவுக்கோ, தாளில் சுற்றிய எதையும் பிரிக்காமல் விடக் கூடாது என்று அந்தக் காலத்துப் பயிற்சியில் பழக்கியிருந்தார்கள். நாங்கள் மறைப்பதற்காகச் சுற்றினோம், சுற்றியிருந்ததாலேயே அவர் பிரித்தார். அவளுக்குப் பின்னால் பதினோராம் வகுப்புப் பையன்களின் வரிசை நின்றிருந்தது.

"யாரும் சிரிச்சாங்களா?" என்று கேட்டேன்.

"ஒருத்தன்."

"யார் அவன்?"

"அது என்னத்துக்கு உங்களுக்கு?" என்றவள், சுவரைப் பார்த்தபடியே, "நான் மட்டுமில்ல. இப்ப எங்கட வகுப்பில ஒருத்தியும் அந்த நாள்ல வாறல்ல" என்றாள்.

நான் எழும்பினேன். செருப்பில் ஒன்று கதவடியில் கிடந்தது, மற்றதைக் காணவில்லை. பல் தீட்டிக்கொண்டிருந்த கணவர் எட்டிப் பார்த்து வழமையான கேள்வியைக் கேட்டார்.

"காவல் நானா" என்றேன்.

"அவர் ஆறடி."

"இருக்கட்டும்."

மகள் கட்டிலிலிருந்து எழும்பி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உம்மா, நீங்க போய் இதை ஆரிட்டயாவது சொன்னீங்களெண்டா நான் பள்ளிக்கூடத்தையே விட்டிருவன்" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. மாதத்தில் ஐந்து நாள் வீட்டில் படுத்துக்கிடந்தால் அவளுடைய படிப்பு போய்விடும். வாயைத் திறந்தால் அவளே பள்ளிக்கூடத்தை விட்டுவிடுவாள். வாயால் சண்டை பிடித்து வளர்ந்த எனக்கு, வாயைத் திறக்காமல் எப்படிச் சண்டை பிடிப்பது என்று அன்றைக்குத்தான் யோசிக்க வேண்டி வந்தது.

சண்டையைத் தள்ளிவைத்துவிட்டுப் பாடசாலை அதிபரிடம் போனேன். அவர் கற்பிட்டிப் பக்கம். தினமும் முதல் பஸ்ஸில் வந்து கடைசி ஆளாகப் போகிறவர். அந்த மாதங்களில் அவருடைய மேசையில் சுற்றறிக்கைகள் குவிந்து கிடந்தன.

"சேர், கேட்டில பொம்பிளயளும் நிக்கணும்" என்றேன்.

"ஏன்?"

"நிக்கணும் சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காரணம் சொன்னா நல்லம். சங்கம் காரணம் கேக்கும்."

"பெரிய வகுப்புப் பொம்பிளப் புள்ளயள்ட வரவு இடாப்பைப் பாருங்க."

"பார்த்தன். வரவு குறைஞ்சிருக்கு. ஏனெண்டு விளங்கல்ல. பயத்தில பெற்றோர் அனுப்புறல்லயோ எண்டு நினைச்சன்."

படித்த மனிதர், இரண்டு மகள்களின் தகப்பன், இடாப்பையும் பார்த்திருக்கிறார். அப்படியும் விளங்கவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஒன்பதாம், பத்தாம், பதினோராம் வகுப்பு இடாப்புகளைக் கேட்டு வாங்கி, மே மாதத்துக்குப் பிறகு பெண்பிள்ளைகள் வராத நாட்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். அதிபர் ஒரு விண்ணப்பப் படிவத்தைத் தந்து, "சனிக்கிழமை கூட்டம் இருக்கு. இதை நிரப்பிக் குடுங்க. முடிவு என்ட கையில இல்ல" என்றார்.

படிவத்தை அன்று பகல் தையல் மெசினின் மேல் வைத்தே நிரப்பினேன். பெயர், வயது, தொழில் தையல், இந்தப் பாடசாலையில் படிக்கும் பிள்ளைகள் மூவர். அடுத்த கோட்டில் நிரந்தர முகவரி என்று இருந்தது. என் கை யோசிக்காமல் மன்னாரில் நான் பிறந்த ஊரை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டது.

இந்தப் பிழையை எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வார்கள். தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் புலிகள் வெளியே போகச் சொன்னபோது எனக்குப் பதினொரு வயது. கடலால் வந்து கற்பிட்டியில் இறங்கினோம். தில்லையடியில் ஓலைக் கொட்டிலில் இருந்தோம், பிறகு கல்வீடு கட்டினோம். யாழ்ப்பாணத்திலிருந்து அதேபோல வந்த ஒருவரை இங்கே நிக்காஹ் செய்தேன், என் மூன்று பிள்ளைகளும் இங்கே பிறந்தார்கள். ஆனாலும் படிவத்தில் நிரந்தர முகவரி என்று கண்டால் எங்கள் கை அங்கேதான் போகும். வாக்கும் அங்கேதான். தேர்தல் வந்தால் விடியவே பஸ்களில் ஏறி, சோற்றுப் பொதியும் கட்டிக்கொண்டு மன்னாருக்குப் போய்ப் புள்ளடி போட்டுவிட்டு வருவோம். பதிவை இங்கே மாற்றினால் வாப்பாவின் காணிக்கு யாரும் எங்களை உரிமைக்காரர் என்று மதிக்க மாட்டார்கள் என்ற பயம் எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் உண்டு. யுத்தம் முடிந்து பத்து வருடமாகியும் அந்தப் பயம் முடியவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. முன்னால் ஆண்கள் கதிரைகளில், பின்னால் நாங்கள் வாங்குகளில். காவல் நானா ஓரமாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். ஹாஜியார் என் படிவத்தை எடுத்து வாசித்தார். பாதுகாப்புக்குப் பெண் ஒருவர் விண்ணப்பித்திருக்கிறார் என்றதும் முன்வரிசையில் சில தலைகள் திரும்பின. நான் எழும்பி நின்றேன், எப்படியும் தேடத்தான் போகிறார்கள்.

"தங்கச்சி, உங்கட நல்லெண்ணம் விளங்குது" என்றார் ஹாஜியார். "ஆம்பிளயள் மட்டும் எண்டு எழுதினதை ஒரு பக்கம் வெப்பம், ஆனா நிரந்தர முகவரி எண்ட இடத்தில மன்னார் எண்டு போட்டிரிக்கீங்க. நிரந்தரமா இங்க உள்ள ஆக்கள்தான் வேணுமெண்டு போன கூட்டத்தில எல்லாரும் கை உயர்த்தின. நீங்களும் உயர்த்தின."

அவர் சொன்னது உண்மை. எனக்கு முகம் சூடேறியது.

"நான் இதைக் குத்தமாச் சொல்லல்ல. நாளைக்குப் பொலிஸ் வந்து, இவ பதிவில்லாத ஆள், எப்பிடிக் கேட்டில வெச்ச எண்டு கேட்டா, பதில் சொல்லுறது நான். அங்க உள்ள பதிவை வெட்டி இங்க போட்டுட்டு வாங்க. சந்தோசமா எடுப்பம்."

"அதை வெட்ட மாட்டன் ஹாஜியார்" என்றேன். என் குரல் நான் நினைத்ததை விட அமைதியாக வந்தது. "அது என்ட வாப்பாட காணி. அதையும் இதையும் ஏன் ஒண்டோட ஒண்டு போடுறீங்க? கேட்டில நிக்கிற ஆளுக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்? உள்ளுக்குப் போறது எங்கட புள்ளயா, பிறத்தியானா எண்டு தெரிஞ்சிருக்கணும். இப்ப கேட்டில நிக்கிற அஞ்சு பேர்ல ஆருக்காவது இருவது புள்ளயள்ட பேர் தெரியுமா?"

நான் கைப்பையிலிருந்து என் அளவுக் கொப்பியை எடுத்தேன். ஒவ்வொரு டிசம்பரிலும் இந்தப் பாடசாலையின் பெண்பிள்ளைகளில் அரைவாசிப் பேரின் சீருடையை நான்தான் தைக்கிறேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவர்களுடைய தோளும் கையும் உயரமும் அந்தக் கொப்பியில் இருக்கின்றன. யார் யாருடைய மகள், யார் ஒரு வருடத்தில் மூன்று அங்குலம் வளர்ந்தாள், யாரை உம்மா இல்லாததால் சாச்சி கூட்டிக்கொண்டு வந்தாள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பிறத்தியார் ஒருவர் எங்கள் சீருடையைப் போட்டுக்கொண்டு வந்தாலும், அந்த உடுப்பு என் கையால் தைத்ததா இல்லையா என்று பத்தடி தூரத்தில் சொல்லிவிடுவேன். இதை அப்படியே சொன்னேன். பெருமையடிக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். நினைத்தால் நினைக்கட்டும், அது பெருமைப்பட வேண்டிய விஷயம்தானே.

"அது சரி தங்கச்சி. ஆனா இவ்வளவு நாளும் கேட்டில ஒரு குறையும் இல்லயே" என்று முன்வரிசையிலிருந்து ஒரு தகப்பன் சொன்னார்.

இடாப்பிலிருந்து எழுதிய தாளை எடுத்தேன். பெயர்களை விட்டுவிட்டு, வகுப்பையும் நாட்களையும் மட்டும் வாசித்தேன். பத்தாம் வகுப்பில் ஒருத்தி ஜூனில் ஐந்து நாள், ஜூலையில் நாலு நாள். இன்னொருத்தி ஆறு, ஐந்து. பதினோராம் வகுப்பில் ஒருத்தி, பரீட்சை வருடம், நாலு, நாலு. வாசித்துக்கொண்டே போனேன். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"ஏன் இந்தப் புள்ளயள் வாறல்ல?" என்று ஹாஜியார் கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

என் மகள் என் கையைப் பிடித்தது நினைவு வந்தது. வாயில் வந்த வார்த்தையை விழுங்கினேன். எனக்கு அது இலேசான காரியமில்லை.

"அதை உங்களுக்குச் சொல்ல ஏலாது ஹாஜியார்" என்றேன். "உங்களுக்குச் சொல்ல ஏலாததாலதான் அங்க ஒரு பொம்பிள நிக்கணும் எண்டு சொல்லுறன்."

ஹாஜியார் பேனாவை மூடினார், திரும்பத் திறந்தார். அப்போது ஓரத்தில் நின்ற காவல் நானா இரண்டு அடி முன்னால் வந்தார்.

"அவ சொல்லுறது சரி" என்றார். "பிழை என்ட கையில."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

"பேப்பர்ல சுத்தினது எதையும் பிரிக்காம விடாத எண்டுதான் எங்களுக்குப் படிச்சுத் தந்த. சாவடியில அது சரி. இங்கயும் நான் பிரிச்சன். பிரிச்சாப் பிறகுதான் விளங்கின. அண்டைக்கு ராவு நான் சாப்பிடல்ல. ஊட்டில சொல்லவும் ஏலாம, உங்ககிட்டச் சொல்லவும் ஏலாம இரிக்கன். எனக்கு எல்லாத் தகுதியும் இரிக்கி எண்டுதான் எடுத்தீங்க. பொம்பிளப் புள்ளயள்ட பையைத் தொடுற தகுதி எனக்கில்ல."

அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்கவில்லை. முன்வரிசைத் தகப்பன்மார் தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலருடைய வீட்டிலும் ஒருத்திக்கு அந்த மாதம் வயிற்று வலி வந்திருக்கும். காவல் நானாவோடு சண்டை பிடிக்கச் செருப்பைத் தேடியவள் நான். அத்தனை ஆண்களுக்கு முன்னால் அவர் அப்படி நின்றதைப் பார்த்தபோது, அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. அது இன்றைக்கும் குறையவில்லை.

ஹாஜியார் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். "அப்ப பொம்பிளயளுக்குத் தகுதி என்னெண்டு எழுத? நீங்களே சொல்லுங்க."

"அவட புள்ள இந்தப் பள்ளிக்கூடத்து இடாப்பில இருக்கணும்" என்றேன். "புள்ளயள்ட முகமும் பேரும் தெரிஞ்சிருக்கணும். சுத்தின பொதியைப் பிரிக்காமப் பார்க்கத் தெரிஞ்சிருக்கணும்."

"பொலிஸ் கேட்டா?"

"இடாப்பில அவங்கட தில்லையடி விலாசம் பத்து வருசமா இருக்கு. நான் கடிதம் தாறன்" என்றார் அதிபர்.

"பொலிஸோட நான் கதைக்கிறன். அவ ஆரெண்டு எனக்குத் தெரியும்" என்றார் காவல் நானா.

ஹாஜியார் மூன்றையும் தன் அழகான கையெழுத்தில் எழுதினார். எழுதிவிட்டுப் பின்பக்கம் பார்த்து, வேறு யாராவது நிற்பீர்களா என்று கேட்டார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொது இடத்தில், பாதையோரத்தில், ஆண்களும் பொலிஸும் நிற்கும் கேட்டில் நிற்க எங்கள் பெண்களை வீட்டில் இலேசில் விட மாட்டார்கள். முதலில் உயர்ந்த கை ஹாஜியாரின் மனைவியுடையது. ஹாஜியார் மனைவியைப் பார்த்துவிட்டுப் பெயரை எழுதினார். அவருக்கு எழுத வேண்டிய பெயர் தெரியாமலில்லை, ஆனாலும் கொஞ்சம் நேரம் எடுத்தது. பிறகு இன்னும் நான்கு கைகள் உயர்ந்தன.

அன்று வீட்டுக்கு நடந்து வந்தபோது என் கால் தரையில் பாவவில்லை. அகதி என்று எங்களுக்குப் பங்கீட்டு அட்டை தந்த காலத்திலிருந்து, இந்த ஊரில் எங்களுக்குத் தந்ததைத்தான் வாங்கிக்கொண்டிருந்தோம். இந்த ஊரின் ஒரு சட்டத்தை நான் சொல்ல, இன்னொருவர் எழுதியது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

வீட்டில் வரவேற்பு வேறு மாதிரி இருந்தது.

"என்ன சொன்னீங்க?" என்று மகள் கேட்டாள்.

"ஒண்டும் சொல்லல்ல."

"எல்லாருக்கும் விளங்கியிருக்கும்."

"விளங்கினா நல்லந்தானே."

"உங்களுக்கு நல்லம். கேட்டில நீங்க நிண்டா, ஏன் நிக்கிறீங்க எண்டு எல்லாருக்கும் தெரியும். என்னாலதான் எண்டு தெரியும். நான் எப்பிடிப் போற?" என்றவள் அறைக்குள் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்னோடு கதைக்கவில்லை. அன்றைக்கு நான் சீருடைத் துணியில் மிஞ்சிய வெள்ளைத் துண்டுகளை ஒட்டுப்போட்டு, கேட்டடியில் பெண்பிள்ளைகளின் மேசைக்கு ஒரு திரை தைத்தேன். சாப்பாட்டைக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் வைத்தேன். சாப்பிட்டாள், கதைக்கவில்லை. கணவர் எங்கள் இருவருக்கும் இடையில் சமாதானத் தூதராக ஓடித் திரிந்து, கடைசியில் இரண்டு பேரிடமும் பேச்சு வாங்கினார்.

திங்கட்கிழமை நான் ஆறு மணிக்கே கிளம்ப வேண்டியிருந்தது. அவள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தாள். அது அவளுக்கு ஐந்தாம் நாள். எழுப்பிப் பார்ப்போமா என்று கதவடியில் நின்று யோசித்தேன். எழுப்பவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்காகப் போய் நிற்கிறேன், என் பிள்ளை வராமல் விட்டால் நான் யாருக்காக நிற்கிறேன் என்ற எண்ணம் வழி முழுக்கக் கூடவே வந்தது.

கேட்டில் காவல் நானா எனக்கு முன்பே வந்து, திரையைக் கட்டக் கயிறு இழுத்து வைத்திருந்தார். "இந்தப் பக்கம் உங்கட, தங்கச்சி. நான் திரும்பியும் பார்க்க மாட்டன்" என்று சொல்லிவிட்டு ஆண்பிள்ளைகளின் மேசைக்குப் போனார். ஹாஜியாரின் மனைவி கறுப்பு அபாயாவில், என் பக்கத்தில் வந்து நின்றார். முதலில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுடைய பைகளில் பாதி தின்ற பாணும் கடற்கரையில் பொறுக்கிய சிப்பியும்தான் இருந்தன. பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு உள்ளே விட்டேன்.

ஏழு மணிக்குப் பிறகு பெரிய வகுப்புகள் வரத் தொடங்கின. என் வேலை முறை இதுதான். பையைக் கவிழ்ப்பதில்லை. பிள்ளையே திறந்து காட்ட வேண்டும். சுற்றிய பொதி இருந்தால் அதை நான் பிரிக்காமல் விரல்களால் அழுத்திப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன். இருபது வருடம் துணியோடு மாரடித்த விரல்களுக்கு, தாளுக்குள் பஞ்சு இருக்கிறதா வேறேதும் இருக்கிறதா என்று சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் வந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பொதியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். "முடிஞ்சிது மகள், போங்க" என்றதும்தான் திறந்தாள். அவளுக்குப் பிறகு வந்தவர்கள் கண்ணை மூடவில்லை.

ஏழு இருபது ஆனது. மணி அடிக்கப் பத்து நிமிடம்தான் இருந்தது. பத்தாம் வகுப்பில் வந்தவர்களை மனதில் எண்ணிக்கொண்டே இருந்தேன். நான்கு பேர் குறைந்தார்கள், அதில் ஒருத்தி என் மகள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, துப்பட்டியை இழுத்துவிடுவது போலத் துடைத்துக்கொண்டேன்.

அப்போது அவள் வந்தாள். தலைக்கு வெள்ளைப் பர்தா போட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தனியே வேகமாக நடந்து வந்தாள். என்னிடம் நேரே வந்திருக்கலாம். வரவில்லை, வரிசையின் கடைசியில் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் ஆறு பேர். நான் ஒருவரையும் அவசரப்படுத்தாமல் ஒவ்வொரு பையாகப் பார்த்தேன். அவளுடைய முறை வந்ததும் பையை மேசையில் வைத்து, ஸிப்பைத் திறந்து, தாளில் சுற்றிய பொதியைத் தானே எடுத்து எனக்கு முன்னால் வைத்தாள். என் முகத்தை நேராகப் பார்த்தாள். நான் அதை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, திரும்பப் பைக்குள் வைத்தேன்.

"எத்தினையாம் வகுப்பு?" என்று எல்லோரிடமும் கேட்பது போலவே கேட்டேன்.

"பத்து" என்றாள்.

பையை மாட்டிக்கொண்டு இரண்டு அடி உள்ளே போனவள் நின்றாள், திரும்பி வந்து திரையை விலக்கி வெளியே பார்த்தாள். பாதைக்கு அந்தப் பக்கம், மதிலோரத்தில், அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் பைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். எவ்வளவு நேரமாக நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் கவனித்திருக்கவில்லை. என் மகள் பாதையில் எல்லோருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினாள்.

"அங்க என்ன நிக்கிறீங்க, வாங்கடி. எங்கட உம்மாதான் நிக்கிறா."

மூன்று பேரும் பாதையைக் கடந்து வந்தார்கள்.